பெக்கோவை விற்கவில்லை

1

சென்ற குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் பெக்கோவைக் கொண்டுபோக ஓர் ஆள் வந்தான். பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிக்கொண்டு வந்து, கேட்டைத் தானே திறந்து, உள்ளே வந்து, மறக்காமல் மூடிவிட்டு, நேராகக் கொட்டகைக்குப் போய் என் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். நான் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு ஓடினேன்.

இங்கே நியூசிலாந்தில் பேசுவது ஆங்கிலம். அதை நான் எங்கள் ஊரான பசறையின் பேச்சில்தான் எழுதப்போகிறேன். எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.

"யாருங்க நீங்க?" என்றேன்.

"மெசின் பாக்க வந்தேங்க. விக்கிறதா இன்டர்நெட்டுல போட்டிருந்தீங்களே."

"நான் போடலீங்க."

அவன் தன் ஃபோனை நீட்டினான். என் இயந்திரம். என் கொட்டகை. படத்தின் ஓரத்தில் கொடியில் காயும், நான் உடுத்தும் சாரம். அந்தக் கோணத்தில் படம் எடுக்க வேண்டுமானால் எங்கள் சமையலறை ஜன்னலில் நின்றுதான் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. வீட்டில் இருப்பது நானும் என் மனைவி பாக்கியமும் மட்டும்.

"உங்க மகன்தான் ஃபோன்ல பேசினாரு. உங்களுக்கு வயசாயிடுச்சு, இனி ஓட்ட மாட்டீங்கன்னாரு."

"வயசாயிடுச்சு. ஓட்டுவேன்."

"அப்ப விக்கலீங்களா?"

"இல்லீங்க."

இரண்டு மணித்தியாலம் வண்டி ஓட்டி வந்தவன். கோபித்திருக்கலாம். கோபிக்கவில்லை. பாக்கியம் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவனுக்குக் கொடுக்கும்போது அவனைப் பார்த்தாள். எனக்குக் கொடுக்கும்போது பூச்சட்டியைப் பார்த்தாள்.

2

ஊரில் இதைப் படிப்பவர்களுக்குப் பெக்கோவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அப்புத்தளைப் பாதையில் மண் சரிந்தால் அள்ள வருவது பெக்கோ. பதுளையில் கடைக்கு அத்திவாரம் தோண்டுவதும் பெக்கோ. மண் வெட்டும் எல்லா இயந்திரத்துக்கும் நாம் ஒரே பெயரை வைத்துவிட்டோம். என்னுடையது அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு சின்ன லொறிப் பெட்டியில் ஏற்றிவிடலாம். ரப்பர்ச் சங்கிலி இரண்டு, மண் அள்ளும் கை ஒன்று, முன்னால் மண் தள்ளும் தகடு ஒன்று, மாற்றிப் பூட்டும் வாளி மூன்று. பழையதுதான். மஞ்சள் நிறம் வெளுத்து மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் பதினெட்டு. தினமும் பதினெட்டுக்கும் அடிக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை போதும் என்பான் மகன் மோகன். அவனுடைய வண்டிக்கு அவன் அப்படிச் செய்துகொள்ளட்டும்.

நான் பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பதுளையில் படித்தேன். தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். நாற்பதைத் தாண்டிய பிறகு நியூசிலாந்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டிகளை எண்ணினேன். எண்ணுவது எனக்கு வேலையாகவும் இருந்தது, வியாதியாகவும் இருக்கிறது. ஓய்வு பெற்றதும் நகரத்து வீட்டை விற்றுவிட்டு, மலைப் பக்கமாக ஐந்து ஏக்கர் வாங்கினோம். வீடு ஒன்று, கொட்டகை ஒன்று, மீதி எல்லாம் புல்லும் சரிவும்.

வாங்குவதற்கு முன் பார்க்க வந்தபோது, தரகர் வீட்டின் அறைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். பாக்கியம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பின்பக்கச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொஸ்லந்தைப் பக்கம் பிறந்தவள். மீரியபெத்தையில் மண் இறங்கி வீடுகளை மூடிய அன்று, அவளுடைய சித்தி மகள் வீட்டுக்கு நாள் முழுக்க ஃபோன் அடித்துக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அதைப் பேசுவதில்லை. மழை பலத்தால் அவள் போய் ஜன்னலடியில் நிற்பாள், அவ்வளவுதான்.

அந்த ஜன்னலுக்காகத்தான் பெக்கோ வாங்கினேன். மகனிடம் வேறு காரணங்கள் சொன்னேன். வேலித் தூண்களுக்குக் குழி, மரக்கறித் தோட்டத்துக்குப் படிபடியாகத் தட்டு, பட்டுப்போன பைன் மரங்களின் அடிக்கட்டை. சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். மிளகாய் நட்ட தட்டு நான்கு. பிடுங்கிய அடிக்கட்டை பதினொன்று. பிறகுதான் சரிவுக்கு வந்தேன்.

3

தேயிலை மலையில் நடந்தவர்களுக்குக் கான் தெரியும். சரிவுக்குக் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்த்து வெட்டிய வாய்க்கால். மேலிருந்து பாய்ந்து வரும் மழைத் தண்ணீரை நடுவில் பிடித்து, ஓடவிடாமல் நடக்கவிட்டு, ஓரமாகக் கொண்டுபோய் ஓடையில் சேர்க்கும். கான் தூர்ந்துபோன மலையில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வழி தேடும். அது தேடும் வழியில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருந்தால், லயம் போகும்.

என் அப்பா கான் வெட்டுகிறவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போவார். பின்னேரம் கணக்குப்பிள்ளை கோலை வைத்து அளப்பார். அளவு குறைந்தால் அரைப்பேர். அதாவது நாள் முழுக்க வெட்டியவனுக்கு அரை நாள் சம்பளம்.

அப்பா தனக்காக ஒரே ஒரு கான் வெட்டினார். எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் திட்டு சுவரை ஒட்டி இருந்தது. மழைக்குச் சுவர் ஊறும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வெட்டினார். இரண்டு தேயிலைச் செடிகளின் வேர் வெளியே தெரிந்தது. தோட்டத்தை நடத்தும் தொரையின் காதுக்குப் போயிற்று. அந்தத் தோட்டத்தில் தொரை சொல்லாமல் ஒரு பிடி மண்ணைக் கிளற முடியாது. மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூடினார். வெட்டிய அதே மம்பட்டியால், கணக்குப்பிள்ளை நின்று பார்க்க மூடினார். அந்த ஐப்பசி மழையில் சேறு சுவரின் அடியால் உள்ளே வந்தது. அம்மா அரிசித் தகரத்தைத் தூக்கி அட்டாலைப் பரணில் வைத்துவிட்டு, சேற்றை வழித்து வெளியே போட்டாள்.

அப்பாவுக்கு அப்போது எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது?

4

என் சரிவில், வீட்டுக்கு நேர் மேலே கீழ்ப்பாதியில் இரண்டு கான் வெட்டினேன். மேல்பாதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். நூல் பிடித்து, நீர்மட்டக் குழாய் வைத்து, சாய்வு சரி பார்த்து வெட்டிய கான்கள். முதல் மழைக்குத் தண்ணீர் அவற்றில் மரியாதையாக நடந்து போனது. பாக்கியம் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. தோட்டத்தில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய பிழை. கான் எங்கே முடிகிறது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் மலையில் ஒரு டிவிசனின் கான் அடுத்த டிவிசனில் போய் விழும். அதுவும் அதே கம்பெனி. எல்லை என்பது வரைபடத்தில் இருந்தது. வரைபடம் தொரையின் அறையில் இருந்தது. வாழ்நாளில் எல்லை இல்லாதவன் எல்லைக்கு வந்ததும் நிற்பானா? என் இரண்டு கான்களும் நேராகப் பக்கத்துக் காணியின் வேலியில் போய் வாயைத் திறந்தன.

பக்கத்துக் காணி கொலினுடையது. என் வயதுக்காரர். மாடு வளர்ப்பவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க தண்ணி என் காணியில நிக்குதுங்க."

"அது மழைத் தண்ணிங்க."

"மழை பெய்ஞ்சது எல்லாருக்கும். இது மட்டும் ஒங்க வாய்க்கால் வழியா வருது."

"மழை நான் பெய்ய வைக்கலீங்களே."

"நீங்க பெய்ய வைக்கல. கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

போய்ப் பார்த்தேன். அவருடைய புல்தரையில் என் தண்ணீர் ஒரு ஓடையே அறுத்திருந்தது. மாடு இறங்கும் வழி சேறாகிக் கிடந்தது. அவர் சொன்னது நியாயம். அதை அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம். மழையைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை வாதாடிவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு வாரத்தில் உள்ளூராட்சிச் சபையிலிருந்து கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் நிலத்தின் நீரோட்டத்தை மாற்றியிருக்கிறீர்கள். சரிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சுருக்கமாகச் சொன்னால், மூடு.

சபைக்கு ஃபோன் எடுத்தேன். ஓர் இயந்திரக் குரல், எதைப் பற்றிப் பேச வேண்டும், ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்றது. வடிகால் என்ற பொருளில் "டிரெயின்" என்றேன். என் வாய்க்கு அது எப்படி வந்ததோ, நாய்களைப் பதிவு செய்யும் பிரிவுக்கு இணைத்துவிட்டது. அந்தப் பெண் மிகவும் அன்பாக என் நாயின் வயதைக் கேட்டாள். எனக்கு நாய் இல்லை என்றேன். அப்படியானால் பதிவு தேவையில்லை என்று வாழ்த்திவிட்டு வைத்தாள். மூன்றாம் முறைதான் மனிதர் கிடைத்தார். ஓர் அதிகாரி வந்து பார்ப்பார் என்றார்.

5

கடிதத்தைப் பாக்கியம் மோகனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். விளம்பரம் போட்டது அதற்குப் பிறகு. அந்தச் சனிக்கிழமை ஆள் வெறுங்கையோடு போனதும், மோகன் நகரத்திலிருந்து புறப்பட்டு வந்தான். கோபம் வந்தால் அவன் ஆங்கிலத்துக்குப் போய்விடுவான். நான் பசறைக்குப் போய்விடுவேன். அன்று அவன் தமிழிலேயே பேசியதால் விஷயம் பெரிது என்று விளங்கிக்கொண்டேன்.

"அப்பா, அன்னைக்கு மெசின் சாஞ்சத அம்மா பாத்திருக்காங்க."

"சாயல. ஒரு பக்கச் சங்கிலி கொஞ்சம் தூக்கிச்சு."

"எவ்வளவு?"

"ஒரு சாண்."

"ஒரு சாண் தூக்குறதுக்குப் பேருதாம்ப்பா சாயிறது."

நடந்தது இதுதான். நிறைந்த வாளியோடு கையைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். சரிவில் அப்படிச் செய்யக்கூடாது. மேட்டுப் பக்கச் சங்கிலி தரையை விட்டு எழும்பியது. வாளியை உடனே மண்ணில் ஊன்றினேன், இயந்திரம் அமர்ந்தது. இதையெல்லாம் பாக்கியம் பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னலில் பார்த்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

"நீதான் படம் எடுத்தியா?" என்று அவளைக் கேட்டேன்.

"நான்தான்."

"விக்கவா?"

"விக்கத்தான். பின்ன வீட்டுல மாட்டி வைக்கவா?"

பெக்கோவின் பத்திரம் எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. வாங்கும்போது நான்தான் பிடிவாதமாக அவள் பேரையும் போட்டேன். மோகன் அதை மறக்கவில்லை.

"பாதி அம்மாவோடதுப்பா. அம்மா விக்கச் சொன்னா விக்கணும்."

"விக்கிறவ, கானையும் மூடுவாளா? மம்பட்டியால மூடுவாளா? மூடுறதுக்கும் பெக்கோ வேணும்டா."

தாயும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிவில் பாக்கியம் தீர்ப்புச் சொன்னாள். சபை விவகாரம் முடியும்வரை இயந்திரம் நிற்கட்டும். முடிந்ததும் விற்பது. மோகன் விளம்பரத்தை எடுத்துவிடவில்லை. தற்காலிகமாக நிறுத்தி வைத்தான். அப்படியும் ஒரு வசதி இருக்கிறதாம்.

6

என் தம்பி சிவலிங்கம் இன்னும் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருக்கிறான். ஞாயிறு காலைகளில் பேசுவோம். அவன் வீட்டில் சிக்னல் கிடைக்காது. கோயில் மேட்டுக்கு ஏறி நின்று பேசுவான். அதனால் அவன் பேச்சில் எப்போதும் காற்றும் மூச்சும் கலந்திருக்கும்.

"அண்ணே, நெசமாவா? சொந்தப் பெக்கோவ மோகன் விக்கச் சொல்றானா?"

"ஆமா."

"இங்க ஒரு மணித்தியாலம் வாடகைக்குப் பிடிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிப் போகுதுண்ணே. போன மழைக்குப் பாதையில விழுந்த மண்ண அள்ள ஒம்பது நாள் காத்துக் கெடந்தோம்."

"சபைக்காரன் வேற கான மூடச் சொல்றான்."

"அங்கயும் தொரை இருக்கானா?"

"தொரை இல்லடா. சபை. பக்கத்துக் காணிக்காரனுக்கும் அதே சட்டந்தான்."

"அது பரவாயில்லையே. இங்க இன்னும் கக்கூஸ் குழி வெட்டக் கடுதாசி குடுத்துட்டு நிக்கிறோம். குடுத்து எத்தன மாசம்னு நீங்களே எண்ணிச் சொல்லுங்கண்ணே, உங்களுக்குத்தான் எண்ணுறது பிடிக்குமே."

சிரித்தான். சிரிப்பு முடியும்போது சொன்னான்: "மூடிறாதீங்கண்ணே."

அதைச் சொல்ல அவன் தேவையில்லை. இருந்தாலும் நல்லது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். இங்கே கேள்வி கேட்கலாம், எழுதலாம், மறுக்கலாம் என்பதும் தெரியும். அதனால்தான் மூடமாட்டேன் என்கிறேன். கேட்க இடமில்லாத ஊரில் அப்பா மூடினார். கேட்க இடமுள்ள ஊரில் நான் ஏன் மூட வேண்டும்?

7

அதிகாரி என்று வந்தவள் இளம் பெண். முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்து. மோகனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான், நான் எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன் என்ற பயத்தில். அவள் இரண்டு கான்களிலும் தொடக்கம் முதல் முடிவுவரை நடந்தாள்.

"கான் நல்லாத்தான் இருக்குங்க. முடியிற எடம்தான் தப்பு."

பிறகு இரண்டு வழி சொன்னாள். ஒன்று, மூடுவது. இரண்டு, கான் முடியும் இடத்தில் குளம் வெட்டித் தண்ணீரை நிறுத்துவது. குளம் நிறைந்தால் வழியும் தண்ணீரை எங்கே விடுவது என்று பக்கத்துக் காணிக்காரரோடு பேசி, அவருடைய சம்மதக் கையெழுத்தை வாங்கி வர வேண்டும். குளிர்காலம் முடிவதற்குள்; இங்கே அது ஆகஸ்டில் முடியும்.

அன்றைக்கே கொலினைப் பார்க்கப் போனோம். அவர் வேலியில் சாய்ந்துகொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"வேலிய அவுத்துருவோங்க. பள்ளம் ரெண்டு பக்கமும் இருக்கு. நடுவுல வெட்டுனா பாதி ஒங்களுக்கு, பாதி எனக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள்கிட்டப் பெரிய மெசின் இருக்கு. ஒரே நாள்ல முடிச்சிருவான். கோடையில என் மாட்டுக்கும் தண்ணியாச்சு."

மோகன் முகத்தில் விளக்கு எரிந்தது. பெரிய மெசின் வந்தால் பெக்கோவுக்கு வேலை இல்லை. "ரொம்ப நல்ல யோசனைங்க" என்று எனக்கு முன்னால் சொல்லிவிட்டான்.

"வேணாங்க" என்றேன்.

"எது வேணாம்?" என்றார் கொலின்.

"பாதி. முழுக் குளமும் எங்க பக்கந்தான். வழியிற தண்ணிய பைப் போட்டு ஒங்க மாட்டுத் தொட்டிக்குத் தர்றேன்."

"பாதிப் பாதின்னா சுலபமா இருக்குமே."

"சுலபமாத்தான் இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"வேணாங்க."

"ஒங்க வெளையாட்டுச் சாமான வச்சு எப்ப வெட்டி முடிப்பீங்க? கிறிஸ்மஸ் வந்துரும்."

"அதுக்கு முன்னால முடிப்பேன்."

தோளைக் குலுக்கினார். தண்ணீர் நிற்பதையும், தொட்டிக்கு வருவதையும் தன் கண்ணால் பார்த்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். திரும்பி வரும்போது மோகன் ஆங்கிலத்துக்குப் போய்விட்டான். அதில் பாதி எனக்கு விளங்கியது. விளங்கிய பாதி நல்லதாக இல்லை.

கொலின் நல்ல மனிதர், அவருக்கு இது விளங்காது. அந்த வேலி அவருடைய தாத்தா காலத்திலிருந்து நிற்கிறது. வேலி உள்ளவனுக்கு வேலியை அவிழ்ப்பது சுலபம். என் தாத்தாவும் அப்பாவும் எத்தனை மலையில் எத்தனை மைல் கான் வெட்டினார்கள் என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போடப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். அதில் ஓர் அடியும் எங்களுடையதல்ல. எங்கள் வம்சத்தில் சொந்த மண்ணில் முதல் குழி வெட்டுபவன் நான். அதைப் பாதியாக வெட்டச் சொன்னால் எப்படி?

8

பாக்கியம் ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் பக்கத்தில் இருந்தால்தான் நான் இயந்திரத்தில் ஏறலாம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை, மடியில் ஃபோன், கையில் ஒரு பழைய பிஸ்கட் தகர மூடி, ஒரு கரண்டி.

"நான் தட்டுனா கைய எடுத்துரணும்."

"பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்கிற மாதிரியா?"

"அது வேலைக்குக் கூப்பிட அடிக்கிறது. இது நிறுத்த அடிக்கிறது."

மேல்மண்ணை வழித்து ஒரு பக்கம் சேர்த்தேன். கீழே மஞ்சள் களிமண். தண்ணீர் நிற்பதற்கு அதைவிட நல்ல மண் கிடையாது. அதை அள்ளி, கீழ்ப்பக்கத்தில் படை படையாகப் போட்டு, ஒவ்வொரு படை மீதும் சங்கிலியை ஏற்றி முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கினேன். சின்ன இயந்திரம் என்றால் நேரம் எடுக்கும். வாரங்கள் போயின. ஒரு நாள் ஹைட்ரோலிக் குழாய் வெடித்து எண்ணெயில் குளித்தேன். இன்னொரு நாள் இடது சங்கிலி கழன்றது. நானும் பாக்கியமும் அலவாங்கால் நெம்பி அதை மாட்டினோம். முப்பது வருடத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது என்று நினைக்கிறேன்.

"எத்தனையாவது வாளி?" என்று நாற்காலியிலிருந்து கேட்பாள்.

"நானூத்திப் பன்னெண்டு."

"கோல் போட்டு அளக்க யாரும் வரப்போறதில்ல. எண்ணாம வெட்டுங்க."

எண்ணாமல் என்னால் வெட்ட முடியாது. அதனால் மனதுக்குள் எண்ணினேன். அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நிறைந்த வாளியோடு கை பள்ளத்துப் பக்கம் போய்விட்டது. தகரம் அலறியது. நிறுத்தினேன். அவள் குடையைப் போட்டுவிட்டு ஏறி வந்தாள்.

"எந்தப் பக்கம் திருப்புறீங்க?"

"தெரியாம..."

"நீங்க செத்துப் போயி, நான் இந்த வயசுல இந்த ஊருல டிரைவிங் படிக்கணுமா? கடைக்கு யாரு கூட்டிப் போவா?"

"இனித் திருப்ப மாட்டேன்."

"இனின்னு ஒண்ணு இருந்தாத்தானே."

அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்ய விடவில்லை. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை சாவி தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த நாளுக்குப் பிறகு ஒரு வாளியும் பள்ளத்துப் பக்கம் போகவில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில் மழை வந்தது. இரண்டு பகலும் இரண்டு இரவும் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் சற்று வெளித்தபோது குடையோடு இறங்கினோம். மோகனும் தன் பெண் பிள்ளைகளோடு வந்திருந்தான். குளம் கரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. அந்த மட்டத்தில் நான் பதித்த குழாய் வழியாகத் தண்ணீர் வழிந்து, வேலியைத் தாண்டி, கொலினின் தொட்டிக்குள் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. கொலின் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். கையைவிட்டுப் பார்த்தார். சேறு இல்லை. கடிதத்தை வேலித் தூணில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"கிறிஸ்மசுக்கு இன்னும் இருக்கு" என்றேன்.

"ஒங்க பாதியும் சேத்து வெட்டியிருக்கீங்க, என் பாதியும் சேத்து வெட்டியிருக்கீங்க. ஒங்களுக்குப் பைத்தியங்க" என்றார்.

பேத்திகள் குளத்தில் கல் எறிந்தார்கள். அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் தமிழில்லை. எறிந்த கற்கள் மட்டும் என் மண்ணிலிருந்து எடுத்தவை.

மோகன் குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தான். கரையைக் காலால் அழுத்திப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவனுக்கு மனம் வந்தது, வாய் வரவில்லை. ஃபோனை எடுத்தான்.

"அம்மா, சபை வேல முடிஞ்சிருச்சு. விளம்பரத்தத் திரும்பப் போடவா?"

பாக்கியம் வீட்டுப் பக்கம் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். வீட்டைத் தாண்டி, சரிவின் ஓரத்தில் இருக்கும் மழைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே மேல்பாதிச் சரிவிலிருந்து மண் இறங்கியிருந்தது. ஒரு லொறி மண் இருக்கும். புல்லோடு அப்படியே வழுக்கி வந்து தொட்டியின் முதுகில் சாய்ந்து நின்றது. நான் இன்னும் கான் வெட்டாத பக்கம். காலையில் ஜன்னலில் நின்று முதலில் கண்டது அவள். எங்கள் யாரிடமும் சொல்லாமல் சோறு ஆக்கியிருக்கிறாள்.

மோகன் மண்ணைப் பார்த்தான். மேலே பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான்.

"இதுக்கு ஆள் பிடிச்சு வெட்டலாம்மா."

"இன்னைக்குப் பிடிக்கலாம். அடுத்த வருசம் தூந்து போவுமே, அப்ப யாரு? அதுக்கடுத்த வருசம்? கான் வெட்டிட்டுப் போற வேல இல்ல மோகன். கூடவே இருந்து பாக்குற வேல."

"அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உங்கப்பா சாஞ்சா ஒரு ஆளு. இது சாஞ்சா வீடு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னது தப்போ என்ற பார்வை இல்லை. சரிதானே என்ற பார்வை. நானும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரி.

மோகன் விளம்பரத்தை அழித்தான். இந்த முறை நிறுத்தி வைக்கவில்லை, அழித்தான். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மேல்பாதிக்கு மூன்று கான் வேண்டும். சபைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வரைந்து, முடியும் இடத்துக்குச் சிவப்பு மை அடித்திருக்கிறேன். மறுத்தால் காரணம் கேட்டு எழுதுவேன். காரணம் சொன்னால் அதற்குப் பதில் எழுதுவேன். எழுபத்து மூன்று வயதில் எனக்கு வேறு அவசரம் ஒன்றும் இல்லை. பாக்கியம் நேற்று மேலே போய், நாற்காலி ஆடாமல் நிற்கும்படி தன் கையாலேயே ஓர் இடத்தைச் சமப்படுத்தி வைத்துவிட்டு வந்தாள். அதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.